மிச்சப் பாரம்

பட்டறையில் அவளை ‘ஓவரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கிரேன் ஓட்டுகிறவள். கூரையை ஒட்டித் தண்டவாளத்தில் ஓடும் கிரேனின் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருப்பாள். முன்னால் வரிசையாகச் சிவப்பு விளக்குகள்: ஓவர்லோடு, ஓவர்ஹீட், ஓவர்ஸ்பீடு. அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷே அவ்வளவுதான். அதை வைத்தே பட்டறையை ஆட்டிப்படைத்தாள். பாரம் அளவு மீறினால் மணியடித்துக் கிரேனை நிறுத்தும் கருவி வெகுநாளாகச் செத்துக் கிடந்தது. நச்சரித்து நச்சரித்து அதற்கு உயிர் கொடுக்க வைத்தவளும் அவள்தான்.

அவள் தம்பி அங்கேயே ஃபிட்டர். வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. டீயில் சர்க்கரை கூடினால்கூட, “அக்கா, ஓவர்லோடு!” என்று கத்துவான்.

அன்று பழைய பிரஸ் மெஷினை இடம் மாற்ற வேண்டியிருந்தது.

“உள்ள இருக்கற அச்சைக் கழட்டிட்டியாடா?” என்று மேலிருந்து கேட்டாள்.

“கழட்டியாச்சுக்கா. ரொம்ப ஓவரா பண்ணாத!”

பச்சைப் பொய். அந்தக் கனத்த இரும்பு அச்சைக் கழற்ற அரைநாள் ஆகுமே என்று சோம்பல்பட்டு அப்படியே விட்டிருந்தான்.

சங்கிலி மாட்டியாகிவிட்டது. கடைசியாக ஒரு போல்ட்டைப் பார்க்கிறேன் என்று மெஷினுக்கு அடியில் காலை நீட்டிக் குனிந்தான் பாருங்கள், முட்டுக்கொடுத்திருந்த கட்டை வழுக்கிவிட்டது. மெஷின் அவன் கால்மேல் சாய்ந்தது. இன்னொரு கட்டைதான் மீதியைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதுவும் வழுக்கினால் ஆளே காலி.

அவள் லீவரை இழுத்தாள். மணி அலறியது, சிவப்பு விளக்கு எரிந்தது, கிரேன் அசையவில்லை. மறுபடி இழுத்தாள். மறுபடியும் மணி. அச்சு உள்ளேதான் இருக்கிறது என்று அப்போதே புரிந்துபோனது.

“மணி வயரைப் பிடுங்கிடட்டுமா?” என்று கத்தினான் எலக்ட்ரீஷியன்.

“பிடுங்குடா, அவளை என்ன கேட்கறது!” என்றார் ஃபோர்மேன்.

“யாரும் கை வைக்காதீங்க!” அவள் குரலில் கண்ணாடியே அதிர்ந்தது. “பாரம் தாங்காம சங்கிலி அறுந்தா மொத்தமும் அவன் தலையிலதான்!”

“உன் தம்பிம்மா அவன்! உனக்கென்ன கல்நெஞ்சா?” என்று கத்தினார் ஃபோர்மேன்.

கல்நெஞ்சாவது ஒன்றாவது. அம்மா போனபிறகு இடுப்பில் தூக்கிச் சுமந்து அவள் வளர்த்த பிள்ளை அவன். கண்ணீரைத் துடைக்கக்கூட லீவரிலிருந்து கையை எடுக்கவில்லை.

“கொஞ்சந்தான் ஓவர்! அந்த மிச்சத்தை நீங்க தூக்குங்க! மத்ததை நான் தூக்கறேன்!”

ஒரு நொடி எல்லோரும் விழித்தார்கள். அப்புறம், அடேயப்பா! வெல்டர் கடப்பாரையோடு ஓடிவந்தார். பெருக்குகிற அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டு இரும்புக் குழாயை அடியில் செருகினாள். மாடி ஆபீசிலிருந்து மேனேஜர் வெள்ளைச் சட்டையோடு இறங்கிவந்து கிரீஸில் தோளைக் கொடுத்தார். முந்தினநாள் சட்டையைப் பிடித்துச் சண்டைபோட்ட இரண்டு லேத்துக்காரர்கள் ஒரே கடப்பாரையில் தொங்கினார்கள்.

அவள் லீவரை இழுத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. சட்டென்று நின்றது.

சிவப்பு விளக்கு அணைந்துவிட்டது. மெஷின் ஒரு விரல் அளவு எழுந்தது, பிறகு ஒரு சாண். அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இத்தனை பெரிய கிரேனால் ஆகாத கொஞ்சத்தை, சோறு தின்னும் கைகள் தூக்கிக்கொண்டு நிற்கின்றன! மேலேயிருந்து எத்தனையோ பார்த்திருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

தம்பியை வெளியே இழுத்துவிட்டார்கள். அப்போதும் யாரும் கையை எடுக்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளையே அண்ணாந்து பார்த்தார்கள்.

மெஷினை மெல்லத் தரையில் இறக்கிவிட்டு, “விட்டுடுங்க சாமி, போதும்,” என்றாள்.

ஏணியில் இறங்கி வந்தாள். தம்பிக்குக் கால் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அக்கா... அச்சைக் கழட்டலக்கா,” என்று விம்மினான்.

“தெரியும்டா,” என்றாள். “மணி சொல்லிடுச்சு.”