காப்பீடு வேண்டாம் என்ற அல்வின்

சனிக்கிழமை மதியம் காப்பீட்டு முகவர் வருகிறார் என்று மனைவி ரோஸ்விதா சொன்னதிலிருந்து அல்வின் அதைத் தள்ளிப்போட வழி தேடிக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் பஸ் ஓட்டியவர் அவர். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பனி உறைந்த மலைப்பாதையில் இறங்கும்போதுகூடப் பதறமாட்டார். இப்போது சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார்.

வீட்டுக்குக் காப்பீடு இல்லாமல் இல்லை. தீ, புயல், ஆலங்கட்டி, குழாய் வெடிப்பு எல்லாம் அதில் அடக்கம். வெள்ளம் மட்டும் தனி. வேண்டுமென்றால் கூடுதலாகக் கட்டிச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாமென்றால் கட்டாயம் இல்லை. மோசெல் ஆற்றுக்கு முகம் காட்டி நிற்கிற வீட்டுக்கு முதலில் வேண்டியது அதுதானே என்று வெளியூர்க்காரர் நினைப்பார். ஆற்றையொட்டிய கீழ்த்தெருவில் போய்ச் சொல்லிப் பாருங்கள், விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மோசெல் திருட்டுத்தனமாக வருகிற ஆறு இல்லை என்பது அவர்கள் கட்சி. ஆற்றின் மேல்பக்கம் ட்ரியர் நகரில் மட்டம் ஏறும்போதே இங்கே சாமான்கள் மாடிக்கு ஏறத் தொடங்கும். தெருவே கைமாற்றி அலமாரியைத் தூக்கும், கம்பளத்தைச் சுருட்டும், பிறகு மாடி ஜன்னலில் உட்கார்ந்து கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தபடி வைன் குடிக்கும். ஆறு இறங்கினால் சேற்றைக் கழுவிவிட்டு வேலையைப் பார்க்கும். இதற்குப் போய் ஒரு கம்பெனிக்குப் பணம் கட்டுவதா என்று கேட்பார்கள். போதாததற்கு, ஆற்றங்கரை வீடு என்றாலே கம்பெனிகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட காலமும் உண்டு. இப்போதுதான் ஒரு கம்பெனி, சேதத்தில் ஒரு பங்கை நீங்களே தாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு, சரி என்று இறங்கி வந்திருந்தது.

ரோஸ்விதா ஆற்றுக்காரி இல்லை. ஹுன்ஸ்ரூக் மலைமேட்டில், காற்று மட்டும் தாராளமாகக் கிடைக்கிற ஒரு கிராமத்தில் பிறந்து வளர்ந்தவள். இந்த ஊர் மருந்துக்கடையில் வேலைக்காகத் தினமும் அல்வினின் பஸ்ஸில் மலையிறங்கி வருவாள். இரண்டு பேருக்கும் ஐம்பதைத் தாண்டிய பிறகுதான், இறங்க வேண்டிய நிறுத்தத்தில் அவள் இறங்காமல் கடைசிவரை போன அதிசயம் நடந்தது. அதுவரை கல்யாணமே வேண்டாம் என்றிருந்த மனிதர் வீட்டுக்குப் புது வர்ணம் அடித்தார். தெரு இன்றைக்கும் அதைச் சொல்லிக் கிண்டல் செய்யும்.

அவள் வந்த பிறகு வந்த முதல் பெரிய வெள்ளத்தில்தான் அது நடந்தது. சாமான்களை எல்லாம் மாடிக்கு ஏற்றியாகிவிட்டது. அல்வின் கடைசி வேலையாகத் தோட்டத்து ரப்பர் குழாயை நிலவறைக்குள் இறக்கி, குழாய்நீரைத் திறந்துவிட்டு, பக்கத்து வீட்டு ஈர்மாவின் அடுப்பைத் தூக்கக் கிளம்பினார். வெள்ளம் வருமுன் நிலவறையைத் தாங்களே நல்ல தண்ணீரால் நிரப்பிவிடுவது கீழ்த்தெருப் பழக்கம். வெறுமையாக விட்டால் நிலத்தடி நீர் அடியிலிருந்து முட்டித் தரையைப் பெயர்த்துவிடும். உள்ளே தண்ணீர் கனமாக நின்றால் தரை அசையாது, சேறும் அதிகம் புகாது. தவழுகிற குழந்தைக்குக்கூட அங்கே இது தெரியும்.

மலைக்காரிக்கு எப்படித் தெரியும்? நிலவறையில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு ரோஸ்விதா பதறிப்போனாள். பாவம், அவசரத்தில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்துக் குழாயை இறுக மூடினாள். அதோடு விட்டாளா? பம்பு போட்டு நின்ற தண்ணீரை இறைத்தாள். நிலவறை ஜன்னலைப் பலகையும் போர்வையும் வைத்து அடைத்தாள். தரையைத் துடைத்துக் காயவும் வைத்தாள். புது வீட்டுக்குத் தன்னால் ஆன முதல் பெரிய உபகாரம் என்று அவளுக்கு ஒரே பூரிப்பு.

ஈர்மா வீட்டு வேலை முடிந்து அல்வின் திரும்பியபோது நேரம் கடந்துவிட்டது. வாசலில் கால் வைத்ததும் கீழே மரம் முறிவதுபோல ஒரு சத்தம் கேட்டது. நிலவறைத் தரை நடுவில் புடைத்து, ரொட்டியின் மேல்தோல் மாதிரி வெடித்து, பழுப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. படிக்கட்டில் துடைப்பத்தோடு நின்று ரோஸ்விதா தேம்பினாள். எவ்வளவு முயன்றும் காப்பாற்ற முடியவில்லையே என்று அவளுக்கு அழுகை. அல்வின் மூடிய குழாயைப் பார்த்தார், பம்பைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். "எங்கப்பா போட்ட கான்கிரீட். அவர் சிமென்ட்ல எப்பவும் கஞ்சத்தனம்தான்" என்று சொல்லிவிட்டார்.

செத்துப்போன மனிதர் எழுந்து வந்து கேட்கவா போகிறார்? அன்றிலிருந்து அப்பாதான் குற்றவாளி. தரையைப் பெயர்த்துப் புதிதாகப் போட்டபோதும் அப்பாவுக்குத் திட்டு, மதுக்கடையில் பேச்சு வந்தாலும் அப்பாவுக்குத் திட்டு. அந்த ஊரிலேயே உறுதியாகத் தரை போடுகிறவர் என்று பெயர் எடுத்தவர் அவர். அல்வினுக்கு நெஞ்சு உறுத்தத்தான் செய்தது. ஆனால் ரோஸ்விதாவுக்கு உண்மை தெரிந்தால் உடைந்துபோவாள் என்று நினைத்தார். அவள் ஏற்கெனவே அந்த வீட்டில் ஓசை படாமல் நடப்பாள், ஜன்னல் திரையை மாற்ற வேண்டுமென்றாலும் அவரைக் கேட்டுவிட்டுத்தான் மாற்றுவாள்.

அப்படிப்பட்டவள் முதல்முறையாக வாய்விட்டுக் கேட்டது இந்த வெள்ளக் காப்பீட்டைத்தான். மழை பெய்தால் தூக்கம் வருவதில்லை, எனக்காகச் செய்யக் கூடாதா என்றாள். அல்வின் வாயில் வந்த சாக்கையெல்லாம் சொன்னார். கம்பெனிக்காரன் கொள்ளைக்காரன் என்றார். ஊர் சிரிக்கும் என்றார். ஒருமுறை, ஆறு முன்னைப்போல ஏறுவதில்லை என்றுகூடச் சொன்னார், அதை அவராலேயே நம்ப முடியவில்லை. உள்ளே இருந்த காரணம் ஒன்றே ஒன்று. இதற்கு முன் என்ன சேதம், எதனால் என்று முகவர் கேட்பார். வெடித்த தரை ஊரறிந்த விஷயம். நிலவறையில் தண்ணீர் விட்டீர்களா என்று அடுத்த கேள்வி வரும். அவள் முன்னால் வரும்.

முகவர் ஃபோல்க்மர் அதே ஊர்ப் பையன்தான், சின்ன வயதில் அல்வின் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவன். இப்போது தலை வழுக்கை. வந்ததும் வராததுமாக ப்ளம் கேக்கில் கை வைத்தான். கேக்குக்கு மூன்று புகழ்ச்சி, மழைக்கு இரண்டு சலிப்பு, பிறகு பையிலிருந்து கணினியை எடுத்து மேசையில் திறந்தான். வீடு கட்டிய காலம், சுவர், கூரை எல்லாம் கேட்டுத் தட்டினான்.

"முன்னால தண்ணியால ஏதாவது சேதம் உண்டா டிரைவரே?"

"பெருசா ஒன்னும் இல்ல."

ஃபோல்க்மர் சிரித்தான். நிலவறைத் தரை வெடித்ததே என்றான். அப்பாவின் கான்கிரீட் என்றார் அல்வின். ஃபோல்க்மரின் கை கேக்கில் நின்றது. எங்கள் வீட்டுத் தரையும் உங்கள் அப்பா போட்டதுதான், இன்றைக்கும் கல் மாதிரி நிற்கிறதே என்றான். குதர்க்கம் ஒன்றும் இல்லை, அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அன்னிக்கு உள்ள தண்ணி விட்டீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

கீழ்த்தெருவில் பிறந்தவனுக்கு, நிலவறையில் தண்ணீர் விட மறந்தேன் என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. ஓட்டுநர் பஸ்ஸின் பிரேக் எங்கே இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம். தெரு முழுக்கப் பரவும், செத்த பிறகும் சொல்வார்கள். அல்வின் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு, "மறந்துட்டேன்" என்றார்.

"இவர் மறக்கல" என்றாள் ரோஸ்விதா. "திறந்துதான் வச்சிருந்தாரு. நான் மூடிட்டேன். பம்பு போட்டு இறைச்சதும் நான்தான்."

குரலில் நடுக்கம் இல்லை. ஃபோல்க்மர் ஒருவரை விட்டு ஒருவரை மாறி மாறிப் பார்த்தான். தரையைச் சரிசெய்தாகிவிட்டது என்றால் கம்பெனிக்கு ஆட்சேபம் இல்லை, தெரியாமல் செய்த தவறு என்று போட்டால் போதும் என்று முணுமுணுத்தான். பிறகு, விவரம் தெரிந்த பையன், காரில் போய் ஒரு போன் பேச வேண்டும் என்று எழுந்தான். போகும்போது தன் கேக் தட்டை மறக்காமல் எடுத்துக்கொண்டான்.

கதவு சாத்திக்கொண்டது. தெருவில் திராட்சை ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. எப்போதிலிருந்து தெரியும் என்று அல்வின் கேட்டார். போன குளிர்காலத்தில் ஆறு லேசாக ஏறியபோது ஈர்மா முன்னெச்சரிக்கையாக நிலவறைக்குள் குழாய் விட்டாளாம். இவள் ஏன் என்று கேட்டாளாம். ஈர்மா சொல்லச் சொல்ல, தான் செய்தது ஒவ்வொன்றாகப் புரிந்ததாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தனியாக அழுதாளாம்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு பாத்துட்டிருந்தேன்."

"எப்படிச் சொல்றது? நீ அன்னிக்கு நின்ன கோலத்தைப் பாத்துட்டு?"

"அன்னிக்குச் சொல்லாதது சரி அல்வின். அப்புறம்? ஈர்மா சோபாவை நனையவிட்டதுக்கு அவ புருஷன் போட்ட சத்தம் அக்கரைக்குக் கேட்டுச்சாம். இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறா. எனக்கு மட்டும் திட்டி ஒரு வார்த்தை கிடையாது. வீட்டுக்கு வந்தவங்க கோப்பையை உடைச்சா, பரவாயில்ல பரவாயில்லன்னு சொல்லுவோமே, அப்படி. என்னை இன்னும் விருந்தாளியாத்தான் வச்சிருக்கே."

அல்வினுக்குச் சுருக்கென்றது. அவளைத் தாங்குகிறோம், தாங்குகிறோம் என்று இத்தனை நாள் உள்ளூர ஒரு பெருமை இருந்தது. தாங்கியது உள்ளே சேர்க்காமல் வாசற்படியில் வைத்துத்தான் என்பது இப்போதுதான் உறைத்தது. அவள் ஓசை படாமல் நடந்தது ஏன் என்றும் புரிந்தது. அவமானமாக இருந்தது, அவள் மேல் பிரியமாகவும் இருந்தது. கேக்கை ஒரு துண்டு வெட்டினார், யாருக்கு என்று தெரியாமல் அப்படியே வைத்தார்.

ரோஸ்விதா இன்னும் முடிக்கவில்லை.

"இந்தக் காப்பீட்டை ஏன் கேக்கறேன்னு நினைச்சே? நீ என்னை விட மூத்தவன். ஒரு நாள் நீ இருக்கமாட்டே. அப்ப அலமாரி தூக்க எனக்குத் தெம்பு இருக்காது, தப்பும் பண்ணுவேன். அதுக்காக வீட்டை வித்துட்டு மலைக்குத் திரும்ப எனக்கு இஷ்டம் இல்ல. இங்கதான் இருக்கப்போறேன்."

இங்கதான் இருக்கப்போறேன் என்று அவள் சொல்லி அவர் கேட்டதே இல்லை. கண்ணில் நீர் முட்டியது, அவர் மறைக்கவில்லை. வாங்கிடலாம் என்றார். இதற்கு முன்னாலேயே வாங்கியிருக்கலாம் என்றார். ஃபோல்க்மரைக் கூப்பிட எழுந்தவரை அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"முதல்ல திட்டு."

"என்னது?"

"அன்னிக்கு திட்ட வேண்டியதைத் திட்டு. ஈர்மாவுக்குக் கேக்கணும்."

அல்வின் விளையாட்டாகத்தான் ஆரம்பித்தார். யாராவது வெள்ளத்துக்கு முந்தி குழாயை மூடுவார்களா என்று சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை என்றாள் ரோஸ்விதா. கொஞ்சம் குரலை உயர்த்தினார். அப்புறம் எங்கிருந்துதான் வந்ததோ, அடக்கி வைத்த கோபமெல்லாம் நிஜமாகவே பொங்கிக்கொண்டு வந்தது.

"பம்பு வேற போட்டியா நீ? போர்வை வச்சு அடைச்சியா? துடைச்சு வேற விட்டியா மகாராணி? எங்கப்பா முட்டி தேயத் தேயப் போட்ட தரைடி அது! செத்த மனுஷன் மேல பழியைப் போட்டுட்டு நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கல்லறைக்குப் போறது?"

பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ரோஸ்விதாவின் முகம் சிவந்துவிட்டது. வாங்கிக்கொண்டு சும்மா இருப்பாள் என்றுதான் அல்வின் நினைத்தார். அவளோ இடுப்பில் கை வைத்து எழுந்தாள், அந்த வீட்டில் அவர் இதுவரை கேட்டிராத ஒரு குரல் அவளிடமிருந்து வந்தது.

"திறந்துட்டுப் போனவன் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனியா? மலையிலேருந்து வந்தவளுக்கு இதெல்லாம் தெரியுமான்னு ஒரு நிமிஷம் யோசிச்சியா? உலகத்துல எல்லாரும் ஆத்தங்கரையிலதான் பொறந்தாங்களா?"

அவர் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கு முன்பும் சொல்லவில்லை. இத்தனை நாள் அவளுடைய தப்பை மூடி மறைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரே தவிர, அதில் தன் பங்கு ஒன்று இருக்குமோ என்று ஒரு நாளும் அவருக்குத் தோன்றியதில்லை.

"சொல்லல" என்றார். "நான் சொல்லவே இல்ல."

பிறகு ஜன்னலைத் திறந்தார். காரில் சாய்ந்து நின்று ஃபோல்க்மர் கேக்கை வழித்துத் தின்றுகொண்டிருந்தான். ஈர்மா தன் ஜன்னலில் முழங்கையை ஊன்றி, வெட்கமே இல்லாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உள்ள வா ஃபோல்க்மர்" என்று இரண்டு பேருக்கும் கேட்கும்படி கத்தினார் அல்வின். "நாங்க எடுத்துக்கறோம். தப்புன்னு போடறேன்னியே, அதுல என் பேரையும் சேர்த்துப் போடு."