விஜயராணியின் வேன்

விஜயராணியை எனக்குப் பிடிக்காது. படிவம் ஐந்தோடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஜாசின் டவுனுக்குப் பள்ளி வேன் ஓட்டுகிறாள். நான் இந்தத் தோட்டத்தின் முதல் பட்டதாரி. சமூகப்பணி படித்தேன். பட்டமளிப்பு அங்கியோடு என் படம் கோயில் மண்டபத்தில் தொங்குகிறது. ஆனால் பிள்ளைகள் தேடுவது அவளை. காலையில் வேன் வந்ததும் "ராணிக்கா, ராணிக்கா" என்று அவர்கள் போடுகிற சத்தம் எங்கள் அடுப்படிவரை கேட்கும். அதில் என் தங்கை ஷாமினியின் குரல்தான் பெரியது. பதினைந்து வயது. வீட்டில் அவள் என்னிடம் கேட்பது "சோறு இருக்கா", "சார்ஜர் எங்க" இரண்டும்தான்.

போன வருடம் பள்ளிக் கழிவறையில் இரண்டு பிள்ளைகள் குடித்துவிட்டுப் பிடிபட்டார்கள். கோயில் தலைவர் மணியம் மாமா என்னைக் கூப்பிட்டு, இதைத் தடுக்க ஒரு குழு அமைக்கச் சொன்னார். விதிகளை நான் எழுதினேன். விஜயராணியைச் சேர்க்கச் சொன்னது அவர்தான்.

"தெனமும் புள்ளைங்கள வேன்ல பாக்குறா லா. இருந்துட்டுப் போகட்டும்."

இருந்துவிட்டுப் போகிற ஆளா அவள்?

எங்கள் முனியாண்டிக்குப் பூசையில் சுருட்டும் பாட்டிலும் வைப்பது வழக்கம். பீர், மலிவுச் சாராயமான சம்சு, கொஞ்சம் வசதி வந்த வீடுகளிலிருந்து பிராந்தி. பூசை முடிந்ததும் ஆண்கள் அதைப் பிரசாதமாகப் பங்கு போடுவார்கள். பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒரு மூடி கிடைக்கும். அதைக் குடிப்பது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அது சாமி தண்ணி. ஷாமினிக்கு ஆறு வயதில் அந்த மூடியை வாயில் வைத்தது நானேதான். முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொன்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம்.

இந்த வருடப் பூசைக்கு முன்னால் மண்டபத்தில் இருபத்திரண்டு ஸ்லைடு போட்டுக் காட்டினேன். கடைசி ஸ்லைடில் ஒரே வரி: கோயிலுக்குள் பாட்டில் கூடாது.

"பாட்டிலே வேணாம்னா எப்படிம்மா? முனியாண்டி என்ன ரோஸ் சிரப்பா குடிப்பாரு?" என்றார் ஒருவர்.

"யூனிவர்சிட்டி போய்ட்டு வந்து சாமிக்கே பத்தியம் போடுது!"

மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் விஜயராணி வேன் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மாமா, சாமிக்குத்தான கொண்டாறோம்? அப்ப முழுசா அவருக்கே ஊத்திடுவோம் லா. கொண்டாந்தவங்க கையாலேயே, மரத்தடியில. நமக்கு எதுக்கு மிச்சம்?"

மணியம் மாமா தொடையில் தட்டினார். "இது பேச்சு!"

கைதட்டினார்கள். என் அம்மாவும் தட்டினாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பூசையன்று எல்லாம் அவள் சொன்னபடி நடந்தது. பாட்டில் பாட்டிலாக மண்ணில் ஊற்றினார்கள். பிள்ளைகளுக்கு நிஜமாகவே ரோஸ் சிரப் கொடுத்தார்கள். நான் ஓரமாக மேசை போட்டு, நிரப்பித் தருகிற உறுதிமொழி பாரம் வைத்திருந்தேன். பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், வகுப்பு, இதற்கு முன் குடித்ததுண்டா, பெற்றோர் கையெழுத்து. நாலு பேர் நிரப்பினார்கள். நாலு பேரும் 'இல்லை' என்று எழுதியிருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் வேன் நின்ற பக்கம் இருந்தார்கள்.

நாலு வாரம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை மதியம் குழு கூடியது. விஜயராணி சாதாரணமாக ஆரம்பித்தாள்.

"மூணு புள்ளைங்க என்கிட்ட வந்து குடிக்கிறோம்னு சொல்லிட்டாங்க. ரெண்டு பேரு விட்டுட்டாங்க. ஒரு புள்ளைக்கு மட்டும் கஷ்டமா இருக்கு. தண்ணி போத்தல்ல கலந்து ஸ்கூலுக்கே கொண்டு போயிருக்கு. டவுன் கிளினிக்ல கவுன்சலர்கிட்ட கூட்டிட்டுப் போயிட்டு இருக்கேன்."

நாலு வருடம் படித்தது நான். பிள்ளைகள் வாய் திறந்தது இவளிடம்.

"யாரு அந்த மூணு பேரு?" என்றேன்.

"பேரு எதுக்கு?"

"வீட்டுக்குத் தெரியுமா?"

"அதுவே சொல்றேன்னு சொல்லியிருக்கு. ஒரு மாசம் டைம் கேட்டுச்சு."

"டைம் கொடுக்க நீ யாரு? விதி ஏழு படிச்சியா? பேர மறைக்கிறவங்க குழுவுல இருக்க முடியாது."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "சொல்லிடு புள்ள, நம்ம புள்ளைங்கதானே," என்றார் மணியம் மாமா. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் அம்மாவும் தலையாட்டினாள்.

விஜயராணி, குழு ஆட்களுக்குக் கொடுத்திருந்த மண்டபச் சாவியை எடுத்து என் முன்னால் மேசையில் வைத்தாள். "அப்ப நான் வெலகிக்கிறேன்."

சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லமாட்டேன். அவ்வளவு சந்தோஷத்தைப் பட்டமளிப்பு அன்றுகூட நான் உணரவில்லை.

"ஆனா ஒன்னு," என்றாள். "புதன்கிழமை மூணு மணிக்கு அப்பாயிண்ட்மெண்ட் இருக்கு. மூணு வாரமா ஒழுங்கா வந்துகிட்டு இருக்கு. அத விட்றக் கூடாது."

"நான் கூட்டிட்டுப் போறேன். பேர மட்டும் சொல்லு."

அவள் என்னையே பார்த்தாள். "நீ போனா அது வராது, அகல்யா."

மூணு வாரம். புதன்கிழமை. மூன்று வாரமாகப் புதன்கிழமைகளில் ஷாமினி பேட்மிண்டன் பயிற்சி என்று சொல்லிப் போகிறாள். மட்டை எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், தூசி தட்டாமல் தொங்குகிறது. அவளுடைய ஊதா நிறத் தண்ணீர்ப் போத்தலை அம்மாவைக்கூடக் கழுவ விடுவதில்லை. அறிகுறிகள் என்று ஆறு ஸ்லைடு போட்டிருந்தேன். நான்காவது ஸ்லைடில் இது இருந்தது.

பேனா என் கையில் இருந்தது. கூட்டக் குறிப்பேடு திறந்திருந்தது.

"விதி ஏழ நான் வாபஸ் வாங்குறேன்," என்றேன்.

"ஏம்மா? இப்பத்தான அத வச்சு..." மணியம் மாமாவுக்கு விளங்கவில்லை.

"தப்பா எழுதிட்டேன், மாமா."

சாவியை விஜயராணி பக்கம் தள்ளினேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. அவள் சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை.

வீட்டில் ஷாமினி போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அம்மா இன்னும் மண்டபத்தில் பேசிக்கொண்டிருந்தாள். குழாயை மூடினேன்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவள் முகம் வெளுத்தது. "ராணிக்கா சொல்லிட்டாங்களா?"

"சொல்லல. நானே கண்டுபிடிச்சேன்."

அதைக் கேட்டு அவள் விட்ட பெருமூச்சு இருக்கிறதே, அதில்தான் எனக்குக் கண்ணீர் வந்தது. அவளுக்கு என்னைப் பற்றிப் பயமில்லை. விஜயராணி துரோகம் செய்துவிட்டாளோ என்றுதான் பயம்.

"ஒன்கிட்ட சொன்னா பாரம் கொடுப்ப," என்றாள்.

"அவ என்ன கொடுத்தா?"

"ஒன்னும் கொடுக்கல. வேன ஓரமா நிப்பாட்டிட்டு, நான் அழுது முடிக்கிறவரைக்கும் ஏசி போட்டு விட்டாங்க. அவ்ளோதான்."

அவ்வளவுதான். நாலு வருடப் படிப்பில் யாரும் இதைச் சொல்லித்தரவில்லை.

"புதன்கிழமை நானும் வரட்டுமா?"

ரொம்ப நேரம் போத்தலின் கழுத்தைத் துடைத்தாள். "பின்னால உக்காந்துக்க. ஒன்னும் எழுதாத. அம்மாகிட்ட நானே சொல்லுவேன்."

புதன்கிழமை பள்ளிக்கூடப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு வேனில் மூன்றே பேர் இருந்தோம். ஷாமினி முன்னிருக்கையில். நான் கடைசி வரிசையில், யாரோ சிந்திய மைலோ ஒட்டுகிற சீட்டில். டவுன்வரைக்கும் இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை ஷாமினி விஜயராணியின் தோளில் அடித்துச் சிரித்தாள். அவள் என்னை அப்படி அடித்தது எப்போது என்று யோசித்தேன். நினைவு வரவில்லை. வெளியே செம்பனை மரங்களை எண்ணப் பார்த்தேன். அதுவும் முடியவில்லை.

கிளினிக் வாசலில் ஷாமினி விஜயராணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாலு எட்டு வைத்தவள் திரும்பி வந்தாள். வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் மடியில் ஊதாப் போத்தலை வைத்தாள்.

"பிடிச்சிரு. மோந்து பாக்கணும்னா பாரு."

இரண்டு பேரும் உள்ளே போனார்கள். போத்தலில் பாதிக்கு மேல் ஏதோ இருந்தது. ஆட்டினால் சத்தம் கேட்டது. நாற்பது நிமிடம். இரண்டு தடவை என் கை மூடிக்குப் போனது. திறக்கவில்லை. கதவு திறந்து முதலில் விஜயராணி வந்தாள், அவள் தோளுக்குப் பின்னால் ஷாமினி. வந்ததும் ஷாமினி என் முகத்தைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் பார்த்தாள்.