முள் ஏறும் வரை

"மெதுவா, மெதுவா... கால் பக்கம் இறக்குங்கப்பா," என்று சொல்லிக்கொண்டே நாலு பேர் ஜான்சனின் சவப்பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றினார்கள். தறிமரமும் நூல் மூட்டையும் ஏற்றிப் பிழைத்த அவருடைய சொந்த வண்டிதான். ஓட்டுகிற சீட்டில் அபி உட்கார்ந்திருந்தாள். மகள்தான் ஓட்ட வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. சாவி அவள் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

"ஒரு தடவ அழுதுடும்மா," என்றாள் அம்மா கிரேஸ், ஜன்னலைப் பிடித்துக்கொண்டு.

"வண்டி ஓட்டணும்மா."

அழுகை வந்தால்தானே அழுவது? நேற்றிலிருந்து அபிக்கு உள்ளே ஒன்றுமே அசையவில்லை. டீ கொடுத்தார்கள், குடித்தாள். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள்.

டேனியல் சித்தப்பா பக்கத்தில் ஏறினார். பெட்டியோடு கிளம்பிய வண்டி தென்னேரி கல்லறைத் தோட்டத்து கேட்டில்தான் நிற்க வேண்டும், நடுவில் நின்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவு விழும் என்று வண்டி ஸ்டாண்டில் எல்லா டிரைவருக்கும் பயம். ஜான்சனுக்கும் அந்தப் பயம் உண்டு.

ஐயம்பேட்டை தாண்டியதும் சித்தப்பா பதறினார்.

"அய்யய்யோ! டீசல் முள்ளு படுத்துடுச்சு பாரு. பங்க்ல நிறுத்து."

"நிறுத்தக் கூடாதுல்ல சித்தப்பா."

"நடுரோட்ல பெட்டியோட நின்னா மட்டும் நல்லா இருக்குமா?"

"நிக்காது. அஞ்சு லிட்டர் இருக்குது."

"யாரு சொன்னது?"

"அப்பா."

பங்க் பின்னால் போனது.

நேற்று காலையும் அபி இதே சீட்டில்தான் இருந்தாள். டேங்கில் டீசல் அளவைக் காட்டும் ஃப்ளோட் உடைந்துபோக, ஜான்சன் வேறு ஏதோ வண்டியின் ஃப்ளோட்டை வாங்கி மாட்டியிருந்தார். மீட்டரும் அதுவும் ஒத்துப்போகவில்லை. டேங்கைக் காலி செய்து அஞ்சஞ்சு லிட்டராக ஊற்றி, முள் நிற்கிற இடத்தில் கண்ணாடிமேல் அபியின் நெயில் பாலிஷால் புள்ளி வைப்பது என்று ஏற்பாடு. அவர் பின்னால் ஊற்றுவார். இவள் முன்னால் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முதல் கேனுக்கு முள் அசையவில்லை.

"ஏறலப்பா!"

"சரி வுடு. முள்ளு படுத்துக்கினு இருந்தாலும் அஞ்சு லிட்டர் கீது. மனசுல வச்சிக்க."

இரண்டாவது கேன் ஊற்றும்போது முள் லேசாக எழும்பியது. "ஏறுதுப்பா!" என்று கத்தினாள். பதில் இல்லை. இந்த முள் ஆடி அடங்கி நிற்க நேரமாகும், அதற்குத்தான் அப்பாவும் காத்திருக்கிறார் என்று நினைத்து, பாலிஷ் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்திருந்தாள். இறங்கிப் போய்ப் பார்த்தபோது அவர் டேங்குக்குப் பக்கத்தில் மூச்சில்லாமல் விழுந்து கிடந்தார். பாதி டீசல் மண்ணில்.

தென்னேரி ஏரிக்கரை ஏற்றத்தில் எஞ்சின் ஒருமுறை திணறியது. "ஏசப்பா," என்றார் சித்தப்பா. அபி கியரைக் குறைத்தாள். அப்பா சொன்ன கணக்கு பொய்த்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வண்டி ஏறிவிட்டது. கேட்டுக்கு முன்னால் போய்த்தான் பிரேக்கை மிதித்தாள்.

ஜெபம் முடிந்து ஆளுக்கொரு பிடி மண் போட்டார்கள். அபியும் போட்டாள். அப்போதும் கண் காய்ந்தே இருந்தது.

திரும்பிப் போவதற்கு யாரோ பைக்கில் போய் டீசல் வாங்கி வந்தார்கள். அபி சீட்டில் ஏறி சாவியைத் திருப்பினாள். பின்னால் சித்தப்பா டேங்க் மூடியைத் திறந்து கேனைச் சாய்க்கும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் முள் படுத்தே கிடந்தது. பிறகு மெல்ல எழும்பியது.

"ஏறுதுப்பா!"

"இன்னாமா? கேக்கல, இன்னா சொன்ன?" என்று பின்னாலிருந்து உடனே சித்தப்பாவின் குரல் வந்தது.

அபி நேற்று வண்டியிலேயே விட்டிருந்த நெயில் பாலிஷை எடுத்து, கண்ணாடிமேல் முள்ளுக்கு நேராகப் புள்ளி வைத்தாள். புள்ளி நிற்காமல் கோடாக இழுத்துக்கொண்டு போனது.