ஊறவைத்த தீனி

ஆய்வு உதவியாளர் அருந்ததி தராசை மூன்றாவது தடவையும் பார்த்தாள். பன்னிரண்டாம் கூட்டு எலியின் எடை குறையவில்லை. இரண்டு கிராம் கூடியிருந்தது.

பல்கலைக்கழக ஆய்வுகூடத்தின் அந்த எலிகள் மரபணு மாற்றப்பட்டவை. நாளாக ஆக மூளையில் டோபமின் குறைந்து, பார்க்கின்சன் நோயாளிகளைப் போல நடுங்கித் தளர்ந்து மெலியும். புதிய மருந்து பெற்றவை மெலியவில்லை என்ற மகிழ்ச்சியில் பேராசிரியர் மேனுகா வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்ப இருந்தார். மருந்து பெறாதவை அடுத்த அறையில், வேறொருவர் பொறுப்பில், மெலிந்துகொண்டிருந்தன.

புதன்கிழமை வழக்கத்தைவிட நேரத்தோடு வந்தபோதுதான் அருந்ததி அதைக் கண்டாள். எலிகளைப் பராமரிக்கும் ஸாலிஹ் நானா, கம்பி மூடியில் வைத்திருந்த கட்டித் தீனியை எடுத்துத் தண்ணீரில் ஊறவைத்து, கூட்டின் தரையில் விரல் நுனியால் வைத்துக்கொண்டிருந்தார்.

"அதுகளுக்குத் தலயத் தூக்கிக் கடிக்க ஏலா மிஸ். பசியில கெடக்கிறதப் பாத்திட்டு, நான் ஊட்டுக்குப் போய் எப்படிச் சோறு திங்கிற?"

அப்படியானால் எடையைக் காத்தது மருந்தாக இல்லாமல், அடுத்த அறைக்குக் கிடைக்காத இந்த ஊறிய தீனியாகவும் இருக்கலாம். சொன்னால், இன்னும் நிரந்தரமாக்கப்படாத ஸாலிஹின் வேலை போய்விடும். மட்டக்குளி வீட்டில் அவரை நம்பி ஐந்து பேர். சொல்லாவிட்டால், எங்கோ ஒருவர் நடுங்கும் கையால் அந்த மருந்தை நம்பி விழுங்குவார். அன்று மாலை வெள்ளவத்தையில் பஸ்ஸால் இறங்கிக் கோயிலுக்குப் போனவளுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. இரண்டு பேரையும் காப்பாற்று என்று மட்டும் கேட்டாள். இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன் காலை பேராசிரியரின் மேசை முன் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, யார் ஸாலிஹுக்கு அனுமதி கொடுத்தது என்று கேட்டார்.

"ஒருத்தரும் குடுக்கேல்லை, மேடம். ஆனா தீனியை மேல வைக்கச் சொன்னது நான். நிக்க ஏலாததுகள் எப்பிடிச் சாப்பிடும் எண்டு நான் யோசிக்கேல்லை, அவர் யோசிச்சிருக்கிறார். பிழை என்னுடையது."

பேராசிரியர் எழுதி முடித்த அறிக்கையைப் பார்த்தபடி இருந்தார்.

"மூண்டு மாச வேலை," என்றார் கடைசியில். பிறகு அறிக்கையை மேசை லாச்சிக்குள் வைத்து மூடினார். "திருப்பித் தொடங்குவம். ரெண்டு அறையிலயும் ஒரே மாதிரிக் குடுக்க வேணும். ஸாலிஹ் எவ்வளவு நேரம் ஊற வைக்கிறவர்?"

அருந்ததிக்கு அது தெரியாது. கேட்டுவர எலிகளின் அறைக்கு நடந்தாள்.