முறுக்குக்கு அடியில்

பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருக்கும்போது கேத்தரினின் போனில் மகளிடமிருந்து அந்தச் செய்தி வந்தது.

"அம்மா, முறுக்கு டின் போச்சு. நேத்து காலையில நேப்பிள்ஸ்ல தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாகிட்ட அவர் குடுத்துட்டார். ராத்திரி தேடினப்பதான் தெரிஞ்சுது. ரெண்டு வேளை போடல. அவர் பக்கத்துலயே இருக்கார். நீ போன் பண்ணாத."

கேத்தரின் அதை மூன்று முறை படித்தாள். மடியிலிருந்த பை நழுவி, சம்பந்தி வீட்டுக்கு வாங்கிய மாம்பழங்களில் இரண்டு உருண்டு முன்சீட்டுக்கு அடியில் போயின. பக்கத்தில் இருந்த பெண் குனிந்து எடுத்துக் கொடுத்தாள்.

ஒரு டின் முறுக்கு போனதற்கு ஒருத்தி இப்படி வெலவெலத்துப் போவாளா என்றால், போவாள். அந்த மணப்பாறை முறுக்குக்கு அடியில், பட்டர் பேப்பருக்குக் கீழே, ஜென்சியின் வலிப்பு மாத்திரைகள் பதினைந்து நாளைக்கு இருந்தன. புத்தூர் வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அவற்றை அங்கே அடுக்கியவள் கேத்தரின்தான். மாப்பிள்ளை பிரவீன்ராஜுக்குப் பல் கூச்சம்; முறுக்கைத் தொடமாட்டான். அதனால் அந்த டின்னைத் திறக்கவும் மாட்டான் என்று கணக்குப் போட்டாள். தனக்கு ஆகாத பண்டம் என்பதால்தான் அவன் அதை நல்ல மனசோடு அடுத்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டான்.

கல்யாணமாகி நாற்பது நாள் ஆகிறது. ஜென்சிக்குப் பதினாறு வயதிலிருந்து வலிப்பு உண்டு என்பது அவனுக்குத் தெரியாது. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அவன் அம்மா அப்பாவுக்கும் தெரியாது.

கேத்தரினை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. முதலில் வந்த இரண்டு வரன்களிடம் அவள் உண்மையைத்தான் சொன்னாள். மாத்திரை போட்டால் வராது, கடைசியாக வந்து இரண்டு வருஷமாகிறது, டாக்டரே எழுதித் தருவார் என்றெல்லாம் சொன்னாள். காபி குடித்துவிட்டுப் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கணவர் மார்ட்டின் இருந்தால் அவரிடம் கேட்டிருப்பாள். அவர் போய் ஆறு வருஷமாகிவிட்டது. ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணம் பண்ணு என்று சொல்லி வைத்தது யாரோ, அவர் வீட்டில் இப்படி ஒரு பெண் இருந்திருக்க மாட்டாள். கேத்தரின் ஆயிரம் சொல்லவில்லை. மூன்றாவது வரனிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லாமல் விட்டாள், அவ்வளவுதான்.

அந்த ஒன்று அவளைச் சும்மா விட்டதா? மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று சாமியார் படித்த மூன்று தடவையும், முன் பெஞ்சில் கேத்தரின் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரியும் தெருவில், நாலாவது மாடியில் சம்பந்தி வீடு. பிரவீனின் அம்மா அமலராணி கதவைத் திறக்கும்போதே சிரித்துக்கொண்டு திறந்தாள்.

"வாங்க சம்பந்தி, வாங்க. உங்களுக்காகத்தான் காத்திருக்கோம். நம்ம நேரத்துக்குப் பத்தரைக்கே கார் கிளம்பிடுச்சாம் அங்க. இப்ப கூப்பிடுவான்."

ரயில்வேயில் ரிட்டயரான அமிர்தசாமி போனை டிவியோடு இணைத்துக்கொண்டிருந்தார். ஊரைவிட்டுப் போன பிள்ளைகள் சுற்றுவதைச் சோபாவில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஏற்பாடு. இன்றைக்கு அமால்ஃபி கடற்கரை. பஸ்ஸெல்லாம் இல்லை, இவர்கள் இருவருக்கு மட்டும் தனிக் கார். அதை ஓட்டுகிறவரே வழிகாட்டியும்.

டிவியில் முதலில் பிரவீனின் மூக்கு வந்தது. பிறகு கடல் வந்தது. அப்படி ஒரு நீலத்தைக் கேத்தரின் வேளாங்கண்ணியிலும் கண்டதில்லை. ஒரு பக்கம் செங்குத்தாக மலை, மறுபக்கம் அதலபாதாளம், நடுவில் ஒரு கார் போகிற அகலத்துக்கு ரோடு. அந்த ரோட்டில் எதிரே ஒரு பஸ் வேறு வந்தது.

"அப்பா, இவர்தான் சால்வதோரே. முப்பது வருஷமா இதே ரோட்டுல ஓட்டுறாராம். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டுவேங்கறார்."

ஸ்டியரிங்கில் ஒரு கையும் ஜன்னலுக்கு வெளியே ஒரு கையுமாக இருந்த நரைத்த மனிதர் காமிராவைப் பார்த்துக் கண்ணடித்தார். அமலராணி கலகலவென்று சிரித்தாள்.

"ஜென்சியைக் காட்டுடா."

ஜென்சி பின்சீட்டில் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். "பயந்தாங்கொள்ளி அம்மா இவ. கிளம்பினதுலேர்ந்து கண்ணைத் திறக்கல," என்றான் பிரவீன் ஆசையாக. மரங்களுக்கு நடுவே வெயில் அவள் முகத்தில் விழுந்து விழுந்து மறைந்தது. பளிச் பளிச்சென்று கண்ணில் அடிக்கும் வெளிச்சம் ஆகவே ஆகாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவள் கண்ணை மூடியிருப்பது பயத்தால் இல்லை.

கார் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்தது. படம் நின்றது.

சாப்பிட உட்கார்ந்தார்கள். மீன் குழம்பு ருசித்ததா என்று கேட்டால் கேத்தரினுக்குத் தெரியாது. பாதிச் சாப்பாட்டில் அவள் போன் அதிர்ந்தது. கை கழுவப் போவதுபோல் எழுந்து பால்கனிக்குப் போனாள்.

"அம்மா, பழக்கடைல நிறுத்தியிருக்காங்க. பாத்ரூம்லேர்ந்து பேசுறேன்." ஜென்சியின் குரல் குழறினாற்போல் இருந்தது. "தலை ஒரு மாதிரி இருக்கும்மா."

"அந்த வாசனை வருதா?"

ஒவ்வொரு தடவை வலிப்புக்கு முன்னாலும் ஜென்சிக்கு ரப்பர் கருகும் வாசனை வரும். வேறு யாருக்கும் வராது.

"லேசா வருது. அவர்கிட்ட சொல்லிடட்டுமாம்மா? நல்லவரும்மா. அவங்க வீட்ல எவ்வளவு நேரம்தான் பாத்ரூம்ல இருப்பேன்னு அத்தை கதவைத் தட்டுவாங்கல்ல, அப்பகூட அவர்தான் விடும்மான்னு சொல்வார். எனக்கு ஒளிச்சு ஒளிச்சுப் போட்டு அலுத்துப் போச்சு."

அந்த இடத்தில் கேத்தரின் "சொல்லு" என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே சொல். ஆனால் அப்போது பார்த்து உள்ளே அமலராணி யாரிடமோ போனில், "எங்க ஜென்சி மாதிரி மருமக கிடைக்கக் குடுத்து வெச்சிருக்கணும்," என்று பெருமையடித்துக்கொண்டிருந்தாள். கேத்தரினுக்குக் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போன அந்த இரண்டு குடும்பங்களின் முதுகும் ஞாபகத்துக்கு வந்தது. கட்டிக் கொடுத்த பெண் நாற்பதே நாளில் பெட்டியோடு வந்து நிற்கும் காட்சியும் கூடவே வந்தது.

"வேண்டாம்டி. இன்னிக்கு ஒரு நாள் சமாளிச்சுடு. தண்ணி நிறையக் குடி. நாளைக்கு நான் ஏதாவது வழி பண்றேன்."

"சரிம்மா," என்றாள் ஜென்சி. அம்மா எதைச் சொன்னாலும் சரிம்மா என்று சொல்லியே வளர்ந்த பெண் அது.

பால்கனிக்குக் கீழே காவிரி, ஜூன் மாதத்து மணலும் திட்டுத்திட்டாகத் தண்ணீருமாகக் கிடந்தது. அக்கரையில் மலைக்கோட்டை. கேத்தரின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கம்பி சுட்டது. பயத்தில் அது சுடுவதுகூட உறைக்கவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி டிவியில் படம் வந்தது. ஒரு சின்னப் படகுத்துறை. வெள்ளைப் படகு ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

"அடுத்தது போட்," என்றான் பிரவீன். "கொஞ்ச தூரம் போய்ப் பாறைக்குப் பக்கத்துல நிறுத்துவாங்களாம். குதிச்சு நீந்தலாம். ஜென்சிக்கு லைஃப் ஜாக்கெட் போட்டு நானே இறக்கிவிடப் போறேன்."

"கூட்டிட்டுப் போடா. இப்படிப் பயந்துகிட்டே இருந்தா எப்படி?" என்றாள் அமலராணி.

கேத்தரின் மகளைப் பார்த்தாள். ஜென்சி கரையில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் வலது கை துப்பட்டாவின் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தது. நெருடியது, விட்டது, மறுபடி நெருடியது. உலகத்தில் அந்தக் கை என்ன சொல்கிறது என்று தெரிந்தவள் கேத்தரின் ஒருத்திதான். இன்னும் பத்து நிமிஷமோ, கால் மணி நேரமோ.

"வேண்டாம் பிரவீன்!" கத்தியே விட்டாள். அமிர்தசாமி திரும்பிப் பார்த்தார். கேத்தரினின் வாய் தானாக ஒரு பொய்யைத் தேடி எடுத்தது. "வேளாங்கண்ணி மாதாவுக்கு ஒரு நேர்ச்சை இருக்கு. அது முடியற வரைக்கும் அவ கடல்ல கால் வைக்கக் கூடாது."

பிரவீன் சிரித்துவிட்டான். "மாதா கோவிலே கடற்கரையிலதானே அத்தை இருக்கு!"

"அப்படி ஒரு நேர்ச்சையை நான் கேள்விப்பட்டதில்லையே," என்றாள் அமலராணி. பிரவீன் மனைவியின் கையைப் பிடித்து இழுத்தான். படகில் ஒரு காலை வைத்துவிட்டான். ஜென்சி அவன் இழுப்புக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்? அம்மா சமாளி என்றல்லவா சொல்லியிருக்கிறாள்.

கேத்தரின் எழுந்து டிவிக்கு முன்னால் போய் நின்றாள்.

"பிரவீன், அவளைத் தண்ணியில இறக்காதீங்க. அவளுக்கு வலிப்பு இருக்கு. பதினாறு வயசுலேர்ந்து இருக்கு. மாத்திரை அந்த முறுக்கு டின்னுல இருந்துச்சு. ரெண்டு வேளை போடல. இப்ப வரப்போகுது, அவ கையைப் பாருங்க. கரையிலயே உக்கார வைங்க. வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. வாயில எதையும் வைக்காதீங்க, கையில சாவி கீவி குடுக்காதீங்க, அமுக்கிப் பிடிக்காதீங்க. தலைக்கு அடியில துணி வைங்க. எத்தனை நிமிஷம்னு பாருங்க."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். பத்து வருஷமாக மனப்பாடமாக இருந்தது.

பிரவீன் காமிராவைப் பார்த்தான். பிறகு ஜென்சியைப் பார்த்தான். "ஜென்சி?" என்றான். அவள் பதில் சொன்னாளா என்று தெரியவில்லை. படம் ஒரு சுற்றுச் சுற்றி வெறும் வானத்தைக் காட்டியது. போன் கீழே விழுந்திருக்க வேண்டும். ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. சால்வதோரே அவர் பாஷையில் உரக்க ஏதோ கத்தினார். அப்புறம் இணைப்பு போய்விட்டது.

அமிர்தசாமி திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. அந்த அறையில் நாற்பது நிமிஷம் யாரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. கேத்தரின் கையில் ஜெபமாலை இருந்தது. எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்பது மறந்து முதலிலிருந்து தொடங்கினாள், மறுபடி மறந்தாள்.

"ஓலை வாசிக்கிறப்ப முன் பெஞ்சுலதானே உக்காந்திருந்தீங்க," என்றாள் அமலராணி. குரலில் காலையில் இருந்த சிரிப்பு ஒரு துளி இல்லை.

"ஆமா."

"ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?"

"சொல்லியிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

அமலராணி கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. சொல்லியிருப்பேன்," என்றாள்.

கேத்தரினுக்குக் கல்யாணம், சம்பந்தி, ஊர்ப்பேச்சு எல்லாம் எங்கோ போய்விட்டன. அந்தப் பெண் தண்ணீரில் இல்லாமல் கரையில் இருந்தால் போதும், பெட்டியோடு வந்து நின்றாலும் போதும் என்று இருந்தது.

போன் அடித்தபோது கேத்தரினுடையதுதான் அடித்தது. பிரவீன்.

"வந்துச்சு அத்தை. ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு. நீங்க சொன்ன மாதிரியே படுக்க வெச்சேன். சால்வதோரே வாயில ஸ்பூன் வைக்க வந்தார், தடுத்துட்டேன். டாக்டர் வந்து பார்த்துட்டார். இப்ப மடியிலதான் தூங்குறா."

"மாதாவே," என்று கேத்தரின் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"போட்ல ஒரு காலை வெச்சுட்டேன் அத்தை." அவன் குரல் உடைந்தது. "மாத்திரை பேரு டாக்டர் கேக்குறார். சீட்டு இருந்தா போட்டோ எடுத்து அனுப்புங்க. மத்ததெல்லாம் ஊருக்கு வந்து பேசிக்கிறேன்."

கேத்தரின் தரையிலிருந்து எழுந்தாள். பர்ஸைத் திறந்து மாதா படத்துக்குப் பின்னால் நாலாக மடித்து வைத்திருந்த மருந்துச் சீட்டை எடுத்தாள். சாப்பாட்டு மேஜையில் விரித்துப் படம் எடுத்தாள். எழுத்தெல்லாம் கலங்கி விழுந்தது. இன்னொரு தடவை எடுத்தாள். அதுவும் அப்படித்தான்.

அமலராணி வந்து போனை அவள் கையிலிருந்து வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டின் மடிப்பை உள்ளங்கையால் நீவி, ஒரே தடவையில் எடுத்து மகனுக்கு அனுப்பினாள். பிறகு சீட்டைக் கையில் எடுத்துப் படித்தாள்.

"காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணா?"

"ஆமா."

"இத்தனை நாளா எங்க வீட்டு பாத்ரூம்லயா போட்டுக்கிட்டிருந்தா?"

கேத்தரின் தலையாட்டினாள்.

அமலராணி நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "நான் வெளிய நின்னு கதவைத் தட்டினேனே," என்றாள். "தினமும் தட்டினேனே. வாயில தண்ணியோட வரேன் அத்தைன்னு சொல்லுவா." முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

மேஜையில் இருந்த கேத்தரினின் போன் மறுபடி அடித்தது. திரையில் ஜென்சி என்று இருந்தது. எடுக்க இரண்டு பேருக்குமே பயமாக இருந்தது. கடைசியில் அமலராணிதான் எடுத்தாள்.

"சொல்லும்மா," என்றாள்.