அறுபது கிராம் சோறு

மாமனார் முப்பது வருஷம் எடை அளவை அலுவலகத்தில் ஆய்வாளராக இருந்தவர். கடைத்தெருவுக்குள் அவர் கால் வைத்தால் தராசுகள் தாமாகவே நேராக நிற்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பேசினவர் அவரேதான்.

அப்படிப்பட்டவருக்கு, "இன்சுலின் ஊசி போட்டதும் மதியம் ஒரு கப் சோறு" என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார்.

"கப்பா? எந்தக் கப்பு? அவர் வீட்டுக் கப்பா, நம்ம வீட்டுக் கப்பா? படிச்சவன் எழுதற எழுத்தா இது?"

மறுநாளே மின்தராசு வந்தது. ஒரு கப் அரிசியை நிறுத்துப் பார்த்தார்: நூற்றெண்பது கிராம். வெந்தால் மூன்று கப் சோறு. ஆகவே ஒரு கப் சோற்றுக்கு அறுபது கிராம். தாளில் எழுதி, கையெழுத்தும் தேதியும் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார்.

கணக்கில் பழுதில்லை. அறுபது என்பது அரிசியின் எடை. அவர் தராசில் வைக்கச் சொன்னதோ சோற்றை.

"எடு. இன்னும் எடு. ம், அறுபது!"

தட்டில் மிஞ்சியது ஒரு சின்னக் கைப்பிடி. மருமகள் மெல்லச் சொன்னாள்: "அது அரிசியோட எடை மாமா. வெந்தா தண்ணியும் சேர்ந்து கனக்கும்ல? இது கப்புல பாதிகூட இல்லையே."

"நான் முப்பது வருஷம் தராசு பார்த்தவன். நீ?"

"அவர் சொன்னா சரியாத்தான் இருக்கும். நீ பேசாம பரிமாறு," என்றாள் மாமியார். ஊசி மட்டும் பழைய அளவிலேயே ஏறியது.

சோறு குறைந்து ஊசி குறையாவிட்டால் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்து என்று, ஊசி போடக் கற்றுக் கொடுத்த நர்ஸ் சொல்லியிருந்தாள். வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம், இதில் எது வந்தாலும் உடனே சர்க்கரைத் தண்ணீர். அந்த மூன்றாவதை மருமகள் இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள். இந்த மனுஷருக்குக் காரணத்தோடு கோபம் வந்து அவள் பார்த்ததே இல்லை.

முதல் நாள் பேப்பரைத் திட்டினார். இரண்டாம் நாள் நாற்காலியைத் திட்டினார். இது நோயா, சுபாவமா? யாரைக் கேட்பது? மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணிக்கு வீடு அமைதியாக இருந்தது. ஈரக்கையோடு ஓடிவந்தாள்.

"உனக்கு ரொம்பச் சிரமம் கொடுக்கறேனாம்மா?" என்றார் மாமனார்.

ஏழு வருஷத்தில் முதல் 'அம்மா'. அவர் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை.

சர்க்கரையைக் கரைத்துக்கொண்டு வந்தாள். அவர் டம்ளரை உற்றுப் பார்த்தார்.

"எத்தனை கிராம்?"

"முதல்ல குடிங்க மாமா!"

"எடை... எடை போடு." நாக்கு குழறியது. பல்லை இறுக்கிக்கொண்டார்.

மாமியார் கையைப் பிசைந்தாள். "அவர் சொல்றபடி எடை போட்டுத்தான் கொடேன்டி!"

"அத்தை, தலையைப் பிடிங்க!"

அந்த வீட்டில் அவள் போட்ட முதல் உத்தரவு. மாமியார் பிடித்தாள். மருமகள் ஊற்றியதில் பாதி சட்டையில் வழிந்தது. அவர் தொண்டை அசைகிறதா என்று பார்த்தாள். அசையவில்லை. பிறகு ஒரு தரம் அசைந்தது. இன்னொரு தரம்.

அரைமணி கழித்து மாமனார் எழுந்து உட்கார்ந்தார். கோபப்படவில்லை. அதைவிட மோசம், யோசித்தார். தள்ளாடிப் போய் ஃபிரிட்ஜ் தாளைப் பிய்த்து எடுத்தார்.

"மயக்கம் ஏன் வந்துச்சு தெரியுமா? சோறு அதிகமாகி சர்க்கரை ஏறிடுச்சு." அறுபதை அடித்து நாற்பது என்று எழுதினார். கையெழுத்து, தேதி. மாமியார் நிம்மதியாகத் தலையாட்டினாள்.

மருமகள் வாசலுக்கு வந்து டாக்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. உள்ளே ராத்திரிச் சாப்பாட்டுக்கு இப்போதே சோற்றை எடை போட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முப்பத்தெட்டு... முப்பத்தொம்பது... போதும், போதும்!"