ஜோதிலட்சுமிக்குப் பக்கத்து இடம்

காமயகவுண்டன்பட்டியிலிருந்து காலையில் கம்பத்துக்குப் புறப்படும் டவுன் பஸ்ஸில், மூச்சுவிட இடமில்லாத நாளிலும் ஜோதிலட்சுமிக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே போகும். ஆறு வருடமாக அப்படித்தான். அவளுக்குக் கழுத்திலும் முழங்கையிலும் சொரியாசிஸ். சிவந்து தடித்து, வெள்ளைச் செதிலாக உதிரும். ஒட்டுகிற நோயில்லை என்று டாக்டர் எழுதியே கொடுத்திருந்தார். அந்தச் சீட்டைப் பஸ்ஸில் யாரிடம் நீட்டுவது?

திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் இடித்துக்கொண்டு நிற்பார்கள். கையிலிருக்கும் தூக்குவாளியையும் பையையும் உட்கார்ந்திருப்பவர்கள் மடிக்குத் தள்ளிவிடுவார்கள். அவள் மடிக்கு ஒருநாளும் ஒரு பை வந்ததில்லை. யாராவது ஒருத்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் போதும் என்று அவளுக்கு இருந்தது.

இறங்குமுன் கைக்குட்டையால் இருக்கையைத் துடைத்துவிடுவாள். கறுப்பு ரெக்சினில் செதில் பளிச்சென்று தெரியும். ஆடி மாதத்தில் ஒருநாள் அப்படித் துடைக்கும்போது, யாரும் உட்காராத பக்கத்து இடத்திலும் செதில் கிடந்தது. காற்று கொண்டுபோயிருக்கும் என்று அதையும் துடைத்தாள். மறுநாள் ஜன்னலை இறுக்க மூடிவைத்தாள். அன்றைக்கு அங்கே அவள் பக்கத்தைவிட அதிகமாகக் கிடந்தது.

அதற்கடுத்த நாள் கண்டக்டர் வேல்பாண்டி இரண்டு இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார்.

"ஒண்ணு போதும்ணே."

"அப்ப அவுக எப்பிடி வருவாக? செக்கிங் ஏறுனா எஞ்சட்டையத்தான் பிடிப்பாக." சிரித்துக்கொண்டே நகர்ந்தார். "இத்தன வருசங் கழிச்சு இப்பத்தான் ஒரு தொணை கெடச்சிருக்கு. அதையும் வேணாங்குதே தங்கச்சி!"

ஜோதிலட்சுமி பக்கத்தில் பார்த்தாள். ரெக்சின்தான் இருந்தது.

வாரக் கடைசியில் கூட்டம் நெரிந்தது. தோட்டத்து வேலைக்குப் போகும் பாண்டீஸ்வரி ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறுகையால் தூக்குவாளியை நீட்டினாள். ஜோதிலட்சுமி அவசரமாக இரண்டு கையையும் ஏந்தினாள். வாளி அவள் வரைக்கும் வரவில்லை. காலி இடத்திலேயே நின்றுவிட்டது.

"இதச் சித்த பிடிச்சுக்கங்கத்தா," என்றாள் பாண்டீஸ்வரி, அந்த இடத்தைப் பார்த்து.

"எங்கிட்டக் குடுங்கக்கா, நான் வச்சுக்கிறேன்."

"வேணாம்மா. அவுகதான் வச்சிருக்காகல்ல." பாண்டீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வேகத்தடையில் பஸ் துள்ளியது. நின்றவர்கள் எல்லாரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். வாளி சாயவில்லை. யாரோ இரண்டு கையாலும் பற்றியிருப்பதுபோல் அப்படியே இருந்தது.

ஜோதிலட்சுமி ஜன்னலோரமாக ஒடுங்கினாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பயத்தை மீறி வயிறு எரிந்தது. இல்லாத ஒருத்தியின் மடிக்குப் போன வாளி, இருக்கிற அவள் மடிக்கு வரவில்லை.

திங்கள்கிழமை கருத்தம்மாள் என்றொரு புது ஆள் ஏறினாள். ஓடைப்பட்டிப் பக்கமிருந்து இந்த ஊருக்கு வேலைக்கு வந்தவள். தோட்டத்துக்கு மருந்தடித்து மருந்தடித்து அவள் விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஜோதிலட்சுமியின் கழுத்தைப் பார்த்தாள். பார்த்தும் நகர்ந்து போகவில்லை.

"ஏத்தா, இங்கன ஆளு இருக்கா? காலு கடுக்குது."

ஆறு வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. இல்லை, உட்காருங்கள் என்று சொல்ல வாயெடுத்தவள் பக்கத்தில் திரும்பினாள். இருக்கை நடுவில் குழிந்திருந்தது. குழியைச் சுற்றிப் புதிதாக உதிர்ந்த செதில். இவள் உட்கார்ந்துவிட்டால் அது எங்கே போகும்? இந்தப் பஸ்ஸில் வேறு யார் அதற்குப் பக்கத்தில் இடம் கொடுப்பார்கள்?

"ஆளு இருக்குக்கா," என்றாள்.

கருத்தம்மாள் குனிந்து பார்த்தாள். "அட, ஆமா. கவனிக்கலத்தா," என்று பின்னால் நகர்ந்தாள்.

பஸ் கிளம்பியது. என்ஜின் சத்தத்துக்கு நடுவே, பக்கத்திலிருந்து நகம் காய்ந்த தோலைச் சுரண்டும் ஓசை கேட்டது. மெதுவாகத் தொடங்கி வேகமெடுத்தது.

ஜோதிலட்சுமி திரும்பவில்லை. யாருக்கும் கேட்காத குரலில், "சொறியாத. ரத்தம் வந்துரும்," என்றாள்.

ஓசை நின்றது.